மஞ்சள் நோட்டீசும் தாய்மாமன் மடியும்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். கள்ளக்குறிச்சியிலிருந்து விழுப்புரம் போன எங்கள் பஸ், எலவனாசூர்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். கல் பறந்து வந்தால் தடுக்கலாம் என்று நான் சோற்றுத் தூக்கைத் தலைமேல் தூக்கிப் பிடித்தேன். கல் வரவில்லை, மோர்தான் கழுத்து வழியாக இறங்கியது. அந்த நேரத்தில், முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த கணவரிடம் கேட்டாள்:

"மஞ்ச நோட்டீசு குடுத்தவன் மடியில எந்த அக்கா புள்ளய குந்தவெச்சி காது குத்துவா?"

"திவாலுன்னு இன்னிக்கே கோர்ட்டுல எழுதிக் குடுத்தாத்தான் வூடு தப்பும்னு வக்கீலு சொல்றாரே."

"காது குத்து முடியட்டுங்க. தாய்மாமன் சீரு செஞ்சிட்டு அப்பறமா குடுங்க."

"அப்ப மட்டும்? ஊரான் காசுல தோடு வாங்கினு வந்தான்னு பேசுவாங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கோர்ட்டுல குடுக்கற கடன் குடுத்தவங்க லிஸ்ட்டுல அக்கா பேரும் வருது. கெணறு வெட்டும்போது அதுகிட்டயும் வாங்கினேன். மாமாவுக்குத் தெரியாது."

"எனக்குந்தான் தெரியாது!"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எறங்குங்க. அக்கா வூடு நடக்கிற தூரந்தான். நோட்டீசு போறதுக்கு முன்னாடி நீங்களே போயி சொல்லுங்க. மடியில குந்தவெக்கறதா வாணாமான்னு அவங்க சொல்லட்டும்."

"வாணாம்னுட்டா?"

"பக்கத்துல நின்னு, புள்ள அழாம வெளையாட்டு காட்டுங்க. அதுக்கு இன்னா, காசா கேக்கப் போறாங்க?"