மூன்று ஆதாரமும் ஒரு துவாரமும்

மெத்தை வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஏழு விஷயங்கள் என்று நீங்கள் எங்காவது படித்திருந்தால், அநேகமாக அதை எழுதியவன் நான்தான் ஐயா. இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மெத்தை, முடி உதிர்தல், மோட்டார் பம்ப், எதைக் கேட்டாலும் சாயங்காலத்துக்குள் தந்துவிடுவேன். எனக்கு மெத்தையே ஆகாது, முதுகு வலிக்கும்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், பிஸ்கட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர். வேலையில் இருந்தவரை பிஸ்கட்டைச் சோதித்தார்; ஓய்வு பெற்றபின் எங்களை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யார் எதைப் போட்டாலும் கீழே அவருடைய ஒற்றைச் சொல் வந்து உட்கார்ந்துவிடும்: "ஆதாரம்?" சின்ன மாமா மழை பெய்கிறது என்று போட்டால்கூட. ஒரு தளத்தை நம்ப அவருக்கு ஐந்து அடையாளம் வேண்டும். முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம், எழுதியவரின் பெயரும் முகமும், கடைசியாகத் திருத்திய தேதி, அடியில் மேற்கோள் பட்டியல், அதே விஷயம் மூன்று இடத்தில். இதை விரல்விட்டு எண்ணிக் காட்டாமல் அவர் வீட்டில் யாரையும் சாப்பிட்டு எழவிட்டதில்லை.

போன வருஷம் எங்கள் அப்பா இறந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி குழுவில் அந்த ஒரு வரியைப் போட்டேன். "ஆதாரம்?" என்று வந்தது. கால் மணி நேரத்தில், டாக்டரிடம் பேசிவிட்டு அக்காவும் அதையே போட்டாள். "இரண்டாவது இடத்திலும் உறுதியாகிறது" என்று எழுதினார். நான் கோபப்படவில்லை. மனதில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

குளிர் தொடங்கியதும் அத்தான் பிளம்பரை வரவழைத்துக் குளியலறையில் கேஸ் ஹீட்டர் மாட்டினார். சுவரின் மேலே கையகலத் துவாரம். காற்று முதுகில் அடிக்கிறதென்று அதை அடைக்கச் சொன்னார். நானும் அங்கே இருந்தேன்.

"அதை மட்டும் அடைக்காதீங்க சார். கெட்ட காத்து வெளிய போகணும். உள்ளேயே மயங்கி விழுந்துருவீங்க," என்றார் பிளம்பர்.

"ஆதாரம் என்னப்பா?"

"இருபது வருஷமா மாட்டிக்கிட்டிருக்கேன் சார்."

"அது அனுபவம்ப்பா. நான் கேட்டது ஆதாரம்."

பிளம்பர் என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க."

"அத்தானே நிதானமா தேடிப் பாத்து முடிவு பண்ணட்டும். ஒரு வாரம் போகட்டுமே," என்றேன்.

"இப்பத்தான் மச்சான் உனக்கு மூளை வேலை செய்யுது," என்றார் அத்தான்.

அந்த வாரத்தில் மூன்று தளங்கள் தயார். துவாரமெல்லாம் பழைய காலத்து ஹீட்டருக்குத்தான் என்று மூன்றும் ஒரே குரலில் சொல்லும். அத்தான் எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுவாரோ, அதற்கு இவை முதலில் வந்து நிற்கும்படி செய்வதும் என் தொழில்தான். பூட்டு இருந்தது. தேதி புத்தம் புதிது. மேற்கோள்கள் பதினாறு, முதல் தளம் இரண்டாவதைக் காட்டும், இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது திரும்பவும் முதலாவதை. எழுதியவர் முகத்துக்கு அப்பாவின் வாலிபப் படத்தைப் போட்டு 'மூத்த பொறியாளர்' என்று எழுதினேன். அது நான் அத்தானுக்குக் கொடுத்த வாய்ப்பு. பத்தொன்பது வருஷம் மாமனாராக இருந்தவரை அடையாளம் கண்டுகொண்டால், எல்லாவற்றையும் அழித்துவிடுவதாக இருந்தேன்.

மூன்று இணைப்பையும் குழுவில் போட்டார். "நம்பகமான முகம்" என்று கூடவே எழுதினார்.

அக்கா எந்தக் குளிரிலும் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பாள். அதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தானே சிமென்ட் குழைத்து அடைத்தார். செவ்வாய்க்கிழமை காலை குளியலறைக் கதவை உடைக்க வேண்டியிருந்தது. செய்தியைக் குழுவில் நான்தான் போட்டேன். யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

அத்தான் போடும் இணைப்புகளைக் குழுவில் யாரும் திறப்பதில்லை, அக்காவும்தான். இரண்டு வாரம் கழித்து, அத்தான் கடைசியாக என்ன படித்தார் என்று பார்க்க அவர் போனைத் திறந்திருக்கிறாள். நேராக என் அறைக்கு வந்தாள்.

"இது அப்பாடா. என் கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த படம். உன்கிட்ட மட்டும்தானே இருந்துச்சு?"

நான் தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன்.

"சொல்லுடா. அவரைக் கொன்னது நீயா?"

ஆமாம், நான்தான். உங்களிடம் சொல்வதில் எனக்குச் சங்கடமில்லை. அத்தானைப் போன்றவர்களுக்கு எதிரில் நிற்கும் மனிதரின் துக்கம் கண்ணில் படாது; நான் அந்த ரகமில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும் விளக்குகிறேன். என்ன, அன்றைக்கு அக்கா அழுதுகொண்டு முன்னால் நின்றபோது என் வாயில் வந்தது ஒரே சொல்.

"ஆதாரம்?"