டைமர் போட்ட விளக்கு

ஹோவாய்: ...மத்தியானம் தூங்குறதுக்குக் கண்மறைப்பையும் குடுத்துட்டு தூக்கத்தையும் புடுங்கிக்கிட்டா என்னடி அர்த்தம்? நீயே சொல்லு குயென்.

குயென்: மெதுவா பேசுங்கக்கா. ஆபீஸே தூங்குது.

ஹோவாய்: தூங்கட்டும், இன்னும் எவ்வளவு நேரம்? அப்புறம்தான் எல்லா லைட்டையும் ஒண்ணா மூஞ்சில அடிப்பாங்களே.

குயென்: அது டெட் புத்தாண்டுப் பண்டிகைக்குக் குடுத்த பரிசுக்கா. நல்ல துணிதான்...

ஹோவாய்: நல்ல துணி! ஒரு கண்ணு மேல கம்பெனி பேரு. இன்னொரு கண்ணு மேல 'உங்கள் ஓய்வு எங்கள் அக்கறை.' மாட்டிக்கிட்டுப் படுத்தா நானே ஒரு விளம்பரப் பலகை. பண்டிகை முடிஞ்ச கையோட மத்தியானத் தூக்கத்துல அரை மணி நேரத்த வெட்டிட்டானுங்க. இந்த சைகான்ல கொத்தனார் கூட சிமெண்ட் மூட்டை மேல சாஞ்சு ஒரு தூக்கம் போடுறான். அவனை யாராவது எழுப்புறாங்களா?

குயென்: இறால் சீசன்கா. ஏற்றுமதி ஆர்டர் குவியுதுன்னு மேனேஜர் சொன்னாரே.

ஹோவாய்: இறாலாவது ஐஸ்ல நிம்மதியா படுத்திருக்கு.

குயென்: ஐயோ, சிரிப்பு காட்டாதீங்க...

பாவ்: அம்மா தாயிங்களா, பக்கத்து டேபிளுக்கு அடியில ஒரு மனுஷன் படுத்திருக்கேன்.

ஹோவாய்: நீங்க குறட்டைய நிறுத்துங்க பாவ் அண்ணே, நாங்க பேச்ச நிறுத்துறோம்.

பாவ்: நானா? குறட்டையா?... சரி சரி, பேசுங்க.

குயென்: பாத்தீங்களா, எழுப்பிட்டீங்க.

ஹோவாய்: இல்லடி, திரும்பத் தூங்கிட்டாரு. குடுத்து வெச்ச மனுஷன்.

குயென்: நீங்களும் கண்ண மூடுங்க. டாக்டர் சொன்னாங்கல்ல?

ஹோவாய்: டாக்டரா? அந்தம்மா சொன்னப்ப எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு தெரியுமா? பார்க்கிங்ல என் ஸ்கூட்டர் எதுன்னு தெரியாம உக்காந்து அழுதவ நான். வாட்ச்மேன் மூஞ்சில தண்ணி தெளிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. பெரிய ஸ்கேன் எடுப்பாங்க, ஊசி போடுவாங்கன்னு பாத்தா... 'காலையில உக்காந்து சாப்பிடுங்க'ங்குது!

குயென்: நீங்கதான் சிக்னலுக்கு சிக்னல் ரொட்டியக் கடிச்சுக்கிட்டே வண்டி ஓட்டுவீங்களே.

ஹோவாய்: அதுக்கு வைத்தியமா? மத்தியானம் செல்போன டிராயர்ல போடணுமாம். தூக்கம் வரலைன்னாலும் கண்ண மூடிப் படுக்கணுமாம். இத சொல்ல ஒரு டாக்டரான்னு திட்டிக்கிட்டேதான் செஞ்சேன்.

குயென்: செஞ்சீங்கல்ல?

ஹோவாய்: செஞ்சேன். மூணு மாச லீவு முடிஞ்சு வந்ததுலேர்ந்து தினமும் இங்க கட்டை மாதிரி கெடந்தேன். தலைக்குள்ள கன்டெய்னர் கன்டெய்னரா ஓடும். அப்புறம் நேத்து...

குயென்: நேத்து?

ஹோவாய்: தூங்கிட்டேன்டி.

குயென்: நெஜமாவா?

ஹோவாய்: எச்சில் ஒழுக. கனவு வேற. எங்க அம்மா வீட்டுல மீன் வறுக்குறாங்க. தட்ட நீட்டுறேன்... டப்புன்னு லைட்டு. எழுந்து உக்காந்தா எங்க இருக்கேன்னே தெரியல. மறுபடி அந்தப் பார்க்கிங்ல நிக்குற மாதிரி. எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா? அந்தக் கை விளங்குமா சொல்லு, அந்த சுவிட்சத் தட்டுன கை?

குயென்: அக்கா, சாபம் விடாதீங்க.

ஹோவாய்: விடுவேன். தூங்குறவங்க தலைமேல வெளிச்சத்தக் கொட்டுறவ ராத்திரி எப்படித்தான் தூங்குறாளோ!

குயென்: அவ யாரு? டைமர்க்கா அது. ஆள் யாரும் போடறதில்ல. தானா எரியுது.

ஹோவாய்: ஓ. டைமரு.

குயென்: ஆமா... அப்படியே ஆள் போட்டாலும், போடுறவங்களுக்கு என்ன கஷ்டமோ, என்ன நெருக்கடியோ.

ஹோவாய்: டைமருக்கு என்னடி கஷ்டம்?

குயென்: நான்... பொதுவா சொன்னேன்.

ஹோவாய்: ம்ம்.

குயென்: நீங்க திட்டிக்கிட்டே இருங்க. நீங்க இல்லாத மூணு மாசம் உங்க வேலையையும் சேத்து யாரு பாத்தது? நான். டீம் லீடராக்கிட்டாங்கன்னு எல்லாரும் வாழ்த்து சொன்னாங்க. அந்த மேனேஜர் ரூமுக்குள்ள கூப்பிட்டு என்னென்ன சொன்னாருன்னு ஒருத்தர் கேட்டிருப்பீங்களா?

ஹோவாய்: என்ன சொன்னாரு?

குயென்: ஒண்ணுமில்ல, விடுங்க. உங்க நாற்காலியில நான் உக்காந்துட்டேன்னு உங்களுக்குக் கோவம். எனக்குத் தெரியும்.

ஹோவாய்: அந்த நாற்காலிய நீயே வெச்சுக்கோ. அதுல உக்காந்துதான் நான் விழுந்தேன். எனக்கு இந்தப் பாய் போதும். ஆனா ஒண்ணு சொல்றேன், இன்னிக்கு லைட்டு எரிஞ்சா நான் எந்திரிக்க மாட்டேன்.

குயென்: என்னக்கா, விளையாடுறீங்களா?

ஹோவாய்: இல்ல. மேனேஜரே வந்து தலைமாட்டுல நிக்கட்டும். அவரு குடுத்த கண்மறைப்ப மாட்டிக்கிட்டு அவரு அக்கறையிலயே படுத்திருப்பேன்.

குயென்: வேலைய விட்டுத் தூக்கிடுவாரு! லீவுலேர்ந்து வந்தவங்க மேல ஏற்கெனவே ஒரு கண்ணு அவருக்கு.

ஹோவாய்: தூக்கட்டும். டாக்டர் சொன்னதுல எனக்கு இந்தத் தூக்கம் ஒண்ணுதான் ஒட்டுச்சு, குயென். மத்த எதுவும் ஒட்டல. இதையும் விட்டுட்டா நான் திரும்ப விழுந்துருவேன். அப்ப எந்த வாட்ச்மேன் தண்ணி தெளிச்சும் எந்திரிக்க மாட்டேன்.

குயென்: அப்படிப் பேசாதீங்கக்கா.

ஹோவாய்: உன் தலையணைக்கு அடியில என்னடி உறுமுது?

குயென்: போனு... பையன் ஸ்கூல்லேர்ந்து ஏதோ மெசேஜ்.

ஹோவாய்: தினமும் இந்த நேரத்துக்குத்தான் ஸ்கூல்லேர்ந்து வருமா?

குயென்: ...நான் பாத்ரூம் போயிட்டு வரேன்.

ஹோவாய்: போ. செருப்ப இங்க தடவாத, அந்தப் பக்கம் கெடக்கு.

குயென்: சரிக்கா.

ஹோவாய்: ...என்னடி, அதுக்குள்ள திரும்பி வந்து படுத்துட்ட?

குயென்: ஒண்ணுக்கு வரலைக்கா.

ஹோவாய்: லைட்டும் வரலையே?

குயென்: டைமர் ரிப்பேர் போல. பழைய நேரத்துக்குத்தான் எரியும்னு நெனைக்கிறேன். மேனேஜர் கேட்டா நான் சொல்லிக்கிறேன்.

ஹோவாய்: நீ சொல்லிக்குவியா?

குயென்: டீம் லீடர்தானே நான். கண்ண மூடுங்க.

ஹோவாய்: நீ மட்டும் தனியா போய் நிக்க வேணாம். நானும் கூட வரேன்.

குயென்: டைமர் ரிப்பேருக்கு நீங்க எதுக்குக்கா?

ஹோவாய்: அந்த டைமருக்கு இடது கால் செருப்பு தேஞ்சு போச்சு, குயென். முதல் நாள்லேர்ந்தே சுவிட்ச் வரைக்கும் இழுத்து இழுத்து நடந்து போறது எனக்குக் கேக்குது. சாயங்காலம் போய் புதுசு வாங்கலாம். இப்பத் தூங்கு.