தேடினால் முதலில் வரும் பக்கம்

உங்கள் நாற்காலி என் அலுவலக நாற்காலியைவிட வசதியாக இருக்கிறது, சார். முதுகு சாய முடிகிறது. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

நான் கையேடு எழுதுகிறவன். நோயாளியின் நரம்பில் மருந்தை அளவாக ஏற்றும் கருவி ஒன்று உண்டு. அதை இயக்கும் மென்பொருளை எங்கள் நிறுவனம் செய்கிறது. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எந்த எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று இணையத்தில் எழுதிவைப்பது என் வேலை. புதுப் பதிப்பு வந்ததும் பழைய கையேட்டை அழித்துவிட முடியாது. பழைய பதிப்பையே வைத்திருக்கும் மருத்துவமனைகளும் இருக்கும். அதனால் பழைய பக்கங்களின் தலையில் ஒரு வரி சேர்ப்போம்: தேடலில் இதைக் காட்டாதே. முகவரி தெரிந்தவர்கள் போய்ப் படிக்கலாம். தேடுகிறவர்களுக்குப் புதியது மட்டும் வரும். அந்த வரியைப் போடுவதும் எடுப்பதும் என் பொறுப்பு.

மூன்றாம் பதிப்பின் கையேடு முழுக்க நான் எழுதியது. இரண்டு வருட உழைப்பு. நான்காவதை என் மைத்துனன் எழுதினான். அவனை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். ஒரே வருடத்தில் எனக்கு மேலாளராகிவிட்டான். வீட்டில் மாடியில் அவன், கீழே நாங்கள். போவதும் அவன் காரில், வருவதும் அவன் காரில். சாப்பிட உட்கார்ந்தால் என் மனைவி, "தம்பி எழுதுனத படிச்சா எனக்கே புரியுதுங்க," என்பாள். வேலையை விடலாமென்றால் இந்த வயதில் வெளியே யார் கூப்பிடுவார்கள்? வீட்டை விடலாமென்றால் அது அவர்கள் அப்பா கட்டியது, என் மனைவி வரமாட்டாள். எந்தக் கதவைத் திறந்தாலும் அவன் நின்றுகொண்டிருந்தான்.

நான்காம் பதிப்பு வெளியான அன்று என் மேசைக்கு வந்தான். "மாமா, பழைய பக்கத்தையெல்லாம் மறைச்சிடுங்க. முன்ன மெஷின், மருந்து மணிக்கு எவ்வளவுன்னு கேக்கும். இப்ப நிமிஷத்துக்கு எவ்வளவுன்னு கேக்குது. மாத்திப் போட்டா ஆள் போயிடும்."

சரி என்றேன். அவன் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த வரியை அவனுடைய பக்கங்களில் போட்டேன். என்னுடையவற்றில் போடவில்லை.

அவன் கையேட்டை ஏன் யாரும் படிக்கவில்லை என்று மேலிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது. இரண்டே வாரத்தில் கேட்டார்கள். புதுப் பக்கம் தேடலில் ஏற நாளாகும் என்று நானே விளக்கமும் சொன்னேன். என் பக்கங்களை எத்தனை பேர் படித்தார்கள் என்று தினமும் காலையில் பார்ப்பேன். வெகுநாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

பதினேழாம் நாள் ஒரு செவிலியர் எழுதிக் கேட்டிருந்தார். கையேட்டில் மணிக்கு என்று இருக்கிறது, திரையில் நிமிடத்துக்கு என்று வருகிறது, எதை நம்புவது என்று. உண்மையைச் சொன்னால், பழைய பக்கம் எப்படி முன்னால் வந்தது என்ற கேள்வி எழும். 'கையேட்டின்படி செய்யவும்' என்று பதில் அனுப்பினேன். பதில்கள் எல்லாம் மேலாளர் பெயரில்தான் போகும்.

மறுநாள் அந்த அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். எடுத்தது நான். அழவில்லை. "நீங்க எழுதின மாதிரிதான் சார் போட்டேன். ஒரு நிமிஷம்தான் அந்தப் பக்கம் திரும்புனேன்," என்றார். ஒரு மணி நேரத்துக்கான வலிமருந்து அந்த ஒரு நிமிடத்தில் இறங்கியிருந்தது. இறந்தவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். குடலிறக்க அறுவை முடிந்து, மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர்.

வருந்துகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டு, வரிகளை அவையவை இருக்க வேண்டிய இடத்தில் மாற்றிப் போட்டேன். பத்து நிமிட வேலை. மிஞ்சியது அவன் பெயரிலிருந்த அந்தப் பதில் மட்டும். நீங்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போய் எட்டு மாதமாகிறது. செவிலியருக்கும் வேலை போய்விட்டது. மாடி காலியாக இருக்கிறது. என் மனைவி என்னிடம் பேசுவது குறைந்துவிட்டது, இருந்தாலும் வீட்டில் மூச்சு விட முடிகிறது.

பிறகு ஏன் நீயாக வந்தாய் என்கிறீர்கள். குற்றப்பத்திரிகையின் நகலை நேற்றுதான் படித்தேன், சார். செவிலியர் பார்த்துச் செய்த அந்தப் பக்கத்தை அவன் எழுதியதாகப் போட்டிருக்கிறீர்கள். அது நான் எழுதியது. அதில் ஒரு எழுத்துப்பிழைகூடக் கிடையாது. தயவுசெய்து பெயரைத் திருத்திவிடுங்கள்.