நாலு முறை நீட்டிய கை

அவையை நடத்தும் தலைவர் அவர்களே! அல்லும் பகலும் ஆய்வில் ஆழ்ந்திருக்கும் மருத்துவர் அவர்களே! அனுபவத்தால் நரைத்த பெரியோர்களே! பெற்றதோடு நில்லாமல் எங்களைப் பிழைக்கவும் வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! ஊசிக்கு அஞ்சாமல் ஒரே நாளில் நாலு முறை கை நீட்டிய உறவுகளே! இந்தக் குழாய்க்கடைக்காரனின் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

கடையில் நான் பேசினால் சரக்கு போகும். இங்கே பேசினால் உங்கள் நேரம் போகும். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாற்பத்தொரு வயதில் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்று என்னிடம் இருந்தது. கொழுப்பு அளவு அருமை! அதை லேமினேட் செய்து, கடை லைசென்ஸுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியவன் நான். சிரியுங்கள், சிரியுங்கள்! பதினெட்டு வருஷம் அது அங்கேயே தொங்கியது.

மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறாரே, பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் அம்மா, அவர் ஒருநாள் குழாய் வாங்க வந்தார். சீட்டைப் பார்த்தார்.

"அண்ணே, இது எந்தக் காலத்துச் சீட்டு?"

"நல்ல காலத்துச் சீட்டும்மா."

"கொழுப்பு காலையில ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும். வயசானா அந்த ஏத்த இறக்கமே மாறுமான்னு பார்த்துக்கிட்டிருக்கோம். நீங்க பதினெட்டு வருஷத்துக்கு ஒரே நம்பரை மாட்டி வச்சிருக்கீங்க! ஒரே நாள்ல நாலு தடவை ரத்தம் எடுக்கற ஆய்வு அது; ஐம்பதைத் தாண்டினவங்க யாருமே வரமாட்டேங்கிறாங்க. மகனையும் கூட்டிட்டு வாங்க."

"குழாய்க்கு விலையைக் குறைச்சீங்களா?" என்று யாரோ கேட்கிறீர்கள். இல்லை ஐயா! வியாபாரம் வேறு, ரத்தம் வேறு.

காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு என்று நாலு முறை கை நீட்டினோம். இரண்டு நாளில் முடிவு வந்தது. மகனுக்கு டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஏறியது, இறங்கியது. எனக்கோ ஏறக்குறைய ஒரே கோடு. சந்தை நிலவரம் பார்த்தே வளர்ந்த புத்தி அல்லவா? ஆடாத விலைதானே எங்களுக்கு நிம்மதி?

"பார்த்தியாடா, உன் சரக்கு ஆடுது. அப்பன் சரக்கு அசையல!" என்று மீசையை முறுக்கினேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "அண்ணே, உங்களுது உசரத்துலயே நிக்குது. நடந்தா மூச்சு வாங்குதா?"

"இல்லவே இல்லை" என்றேன். பொய்! மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தால் கடையை விட்டு வீட்டில் உட்காரவைத்துவிடுவார்களோ என்ற பயம். அவர் என்னோடு வாதாடவில்லை. என் வீட்டுக்காரம்மாவுக்கு போன் செய்தார்.

"கேக்காதீங்க சிஸ்டர்! மாடி ஏறுறதுக்குள்ள மூணு தடவை நிக்கிறாரு. கேட்டா, சுவத்துல விரிசல் பார்க்கிறேன்ங்கிறாரு!"

அன்று மாலையே மருத்துவர் முன் நிறுத்தினார்கள். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு! ஊருக்கெல்லாம் குழாய் விற்றவன், சொந்த நெஞ்சின் குழாயை எட்டிப் பார்த்தேனா? பார்த்தது யார்? நான் ஒரு ரூபாய்கூடக் குறைக்காத அந்த அம்மா!

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." என்று தொடங்கிய மருத்துவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவர் முடிக்காத வாக்கியத்தைத்தான் நான் இன்று வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

அம்மா, உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்? மாலை போட்டால் வாடும். பட்டம் கொடுத்தால் பெட்டியில் தூங்கும். உங்களுக்கு வேண்டியது ஆள்! ஐம்பது தாண்டிய ஆள்!

தோழர்களே! எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். எப்போது என்று கேளுங்கள்! எந்த வயதில் என்று கேளுங்கள்! ஒரு வேளை எடுத்த ஒற்றை எண்ணை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்! உடம்பு உறைந்த கல்லா? ஓடும் ஆறல்லவா?

முன்வரிசையில் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்திருக்கும் என் சம்பந்தி அவர்களே! நாளைக் காலை ஐந்தரைக்கு வண்டியோடு உங்கள் வாசலில் நிற்பேன். வெறும் வயிற்றோடு வாருங்கள். சம்பந்தியம்மா தலையாட்டிவிட்டார், இனி நீங்கள் மறுத்துப் பயனில்லை!

கேட்ட செவிகளுக்கும், நாளை நீளப்போகும் கைகளுக்கும் நன்றி! வணக்கம்!