பிரேக் அக்கா

உச்சிவெயில் நேரம்... ஈ காக்கை இல்லாத சாலை. பேய் வர இருட்டு வேண்டும் என்று எந்த மடையன் சொன்னானோ. கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். நடுவில் தண்ணீர் குடிக்க யாரும் எழுந்து போகக் கூடாது.

இது என் அறைத்தோழியின் பெரியப்பாவுக்கு நடந்தது. குடித்திருந்த ஒருநாள் அவரே அவள் அம்மாவிடம் உளறிவிட்டார். அவர் மெக்கானிக். புது நெடுஞ்சாலை வந்த பிறகு எல்லாரும் மறந்துபோன பழைய சாலையில், தகரக் கூரை போட்ட பட்டறை. அவரும் பெரியம்மாவும் மட்டும்தான்.

முன் சக்கரத்தின் ஆக்சில் நட்டைக் கழற்ற வேண்டுமென்றால், ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பேனரோடு சேர்ந்து ஆக்சிலும் சுற்றும். பெரியப்பா வெளியிலிருந்து "மிதி" என்பார். பெரியம்மா மிதிப்பாள். "விடு" என்று சொல்கிற வரை காலை எடுக்க மாட்டாள். வருஷக்கணக்காக இதே வேலை. வண்டி கொண்டு வருபவர்கள் அவளைப் பிரேக் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அக்காவுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் பெரியப்பா சிரிப்பார்.

"அவளா? ஊரான் கார்ல எல்லாம் சும்மா உக்காந்து பாக்குறா."

சும்மா. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலை பெரியம்மாவுக்கு வயிற்றில் தாங்க முடியாத வலி. அவர்களுடைய காரோ ஆக்சில் உடைந்து நாள்கணக்கில் கிடந்தது. அடுத்தவன் வண்டியை முடிக்கவே பொழுது போதவில்லையாம். ஆஸ்பத்திரிக்கு நீ பஸ்ஸில் முன்னால் போ, நான் வந்துவிடுகிறேன் என்று அனுப்பிவிட்டார். தனியாக.

மத்தியானம் போன் அடித்தது. பேசியது பெரியம்மாவின் தங்கை, அதாவது என் தோழியின் அம்மா.

"ஆபரேஷன் பண்ணிட்டாங்க மாமா. அக்கா இன்னும் கண்ணு தொறக்கல. அசையாம படுத்திருந்தா பொழச்சுக்குவா, அசைஞ்சா உள்ள தையல் விட்டுடும்னு சொல்றாங்க. சீக்கிரம் வாங்க."

அடுத்த பஸ் சாயங்காலம்தான். தெரிந்தவர்கள் யாரும் போனை எடுக்கவில்லை. இருந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

நட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. மடங்கியிருந்த விளிம்பை உளியால் நிமிர்த்தினார். எண்ணெய் ஊற்றினார். இருக்கைக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவில் கட்டையை முட்டுக் கொடுத்தார்... நழுவியது. பிரேக் டிஸ்க்கின் இடுக்கில் திருப்புளியைச் செருகினார்... முறிந்து கன்னத்தைக் கிழித்தது. சக்கரத்தை மாட்டித் தரையில் இறக்கிப் பார்த்தார்... வண்டியே ஊர்ந்தது. மறுபடி தூக்கினார். ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டித் தொங்கினார். சூடான இரும்பு நாற்றம். கருகிய கிரீஸ் நாற்றம். ஆக்சில் சுற்றியதே தவிர நட்டு அசையவில்லை. மண்ணில் மண்டிபோட்டு அழுதார். அழுதுகொண்டே குழாயைப் பிடித்தார். பழக்கதோஷம்... வாய் தானாகச் சொன்னது.

"மிதி."

கிரீச்.

இருக்கையின் ஸ்பிரிங்.

டிஸ்க்கைப் பிரேக் கவ்விப் பிடித்தது. குழாயை அழுத்தினார்... டொக். நட்டு இளகிவிட்டது.

உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பயம் இல்லை. பார்த்தால் அந்தக் கால் போய்விடுமோ என்றுதான். தலையைக் குனிந்தபடியே "விடு" என்றார். கிரீச். டிஸ்க் சுற்றியது.

உடைந்த ஆக்சிலை உருவினார். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த புதியதை ஏற்றினார். புது நட்டைக் கையால் திருகினார். இனி அதை இறுக்க வேண்டும். அரைகுறையாக இறுக்கினால் பாதி வழியில் சக்கரம் கழன்றுவிடும்.

"மிதி."

இந்தத் தடவை மெதுவாக... ரொம்ப மெதுவாக. உள்ளேயிருந்து மருந்து நெடி. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முனகல். அது யாருடைய முனகல் என்று அவருக்குத் தெரியும். காலையில் பஸ் ஏறும்போது கேட்டதுதான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"இன்னும் கொஞ்சம்தான்டி. உன்கிட்டதான் வந்துட்டிருக்கேன். மிதி."

மிதித்தாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே தங்கை நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் முடிந்திருந்தது. நினைவில்லாமல் கிடந்தவள் திடீரென்று வலது காலை நீட்டிக் கட்டில் கம்பியை உதைத்தாளாம். நர்ஸுகள் சேர்ந்து அமுக்கியும் கால் மடங்கவில்லை. கொஞ்ச நேரம் அடங்கியிருந்து, மறுபடியும் நீட்டினாளாம். அப்புறம் போர்வையெல்லாம் ரத்தம்.

"யாரோ பக்கத்துல நின்னு வேலை வாங்குற மாதிரி இருந்துச்சு மாமா."



அதோடு பட்டறையை மூடியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. இப்போதும் நடத்துகிறார். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் என் தோழி அங்கே போயிருந்தாள். யாருடைய காரோ ஜாக்கியில் நின்றது. பெரியப்பா குழாயைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே, "மிதி" என்றாராம். பின்னால் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்ததாம். இருக்கையில் யாருமில்லை.

நட்டு கழன்றதும், "விடு" என்று சொல்லாமலே, கையைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்க்கைத் திறந்தார். என் தோழிக்கு ஒரு டம்ளர் டீ, தனக்கு ஒன்று. அந்தக் காரிலேயே சாய்ந்துகொண்டு, ஊதி ஊதி, ஆற அமரக் குடித்து முடித்தார்...

விளக்கு அதுவரைக்கும் எரிந்துகொண்டுதான் இருந்ததாம்.