ஒரு ட்ரிப்பு கண்டக்டர்

...மச்சானுக்குத்தான் வேலன்னா, மச்சானக் கூப்ட்டு குடுத்துட்டுப் போயேன். நடுவுல நம்மள வரவெச்சி ஏன் பேஜாரு பண்ற? இன்னா நாயம் அண்ணாத்த இது? கொஞ்சம் நவுரு, ஒக்காந்துக்கறேன். மாமல்லபுரம் பஸ்ஸுக்குத்தானே? வரும், வரும்.

நேத்து செங்கல்பட்ல கண்டக்டரு வேலக்கி இன்டர்வியூ. பஸ் மொதலாளி ஈஸி சேர்ல சாஞ்சிகினு கேக்கறாரு. மாமல்லபுரம் வரைக்கும் ஸ்டாப்பிங்கு எல்லாம் சொல்லுன்னாரு. மூச்சு வுடாம சொன்னேன். திருப்பிப் போட்டு சொல்லுன்னாரு. சொன்னேன். கெயவி ஒருத்தி கோயிக் கூடையோட வந்தா இன்னா பண்ணுவன்னாரு. கூடைய மேல ஏத்தி, கெயவிய உள்ள ஏத்துவேன்னேன். சிரிச்சிட்டாரு.

அடுத்து காசிநாதன். மொதலாளி சம்சாரத்துக்கு தம்பி. அவனாண்ட ஒரே கேள்வி: "நாஸ்தா ஆச்சாடா?" அதுக்கே அவன் யோசிச்சித்தான் பதில் சொன்னான்.

சரி, மனுஷனுக்கு இன்னா தோணுச்சோ, "தேவசகாயம், நாளைக்கு ஒரு ட்ரிப்பு போ. ஒயுங்கா முடிச்சா வேல ஒனக்கு"ன்னாரு. இன்னிக்கி காலீல காக்கி சட்ட, பை, விசிலு எல்லாம் குடுத்தாரு. ஆனா காசிநாதனயும் கூட ஏத்தி வுட்டாரு. கவனிச்சிக்கறதுக்காம். அங்கதான் கீது சூது.

இந்தத் திருக்கயுக்குன்றம் வரைக்கும் ஒரு கொற கெடையாது. இங்க பத்து நிமிசம் நிக்கும். கயுகு பாக்க வந்த ஜனம் எறங்குச்சி. நானும் பைய காசிநாதன் கையில குடுத்துட்டு எறங்குனேன். அதோ அந்த இட்லிக்கடை, வேண்டான்னு ஒரு பொம்பளயோடது. போன மாசம் அத்தினி பேரு முன்னாடி இன்னா சொன்னா தெரியுமா? "வாய்க்கு சம்பளம் குடுக்கற எடம் இருந்தா போடா, வேற எவன் ஒனக்கு வேல குடுப்பான்"னா. அவளுக்கு இந்தக் காக்கிய காட்டாம போவ முடியுமா? நீயே சொல்லு.

காட்னேன். பேசிகினே இருந்தேன். திரும்பிப் பாத்தா பஸ்ஸு போய்கினுகீது. ஓடறேன், ஓடறேன்... படியில காசிநாதன் தொங்கிகினு போறான். கண்டக்டர வுட்டுட்டு வண்டிய கெளப்பிட்டானுங்க, பாத்தியா.

இன்னா? விசிலு யாரு குடுத்தான்னா கேக்கற?

காசிநாதன்தான்... அவனாண்ட ஏது விசிலு. விசிலு என்னாண்ட கீது.

சரி, ஒன்னாண்ட மறைச்சி இன்னா ஆவப்போவுது. கண்டக்டருன்னா இன்னாடா பண்ணுவன்னு வேண்டா கேட்டா. அந்தாம் பெரிய வண்டி என் வாயிலதான் கீது, ஒரு விசிலு வுட்டா நிக்கும், ரெண்டு வுட்டா கெளம்பும்னேன். பொய்யின்னா. அதான்... ஊதிக் காட்னேன். ரெண்டு. நல்லா பலமா. டிரைவரு நல்ல மனுஷன், மறு பேச்சு பேசாம எடுத்துகினு போய்ட்டாரு. கண்டக்டரா நா பண்ணதுலயே கரெக்டா நடந்தது அது ஒண்ணுதான். வேண்டா கூட நம்பிட்டா.

சிரி, சிரி. ஓடும்போது எனக்கே சிரிப்பு வந்துச்சி.

ஆனா பூஞ்சேரில, ரோட்டோரத்துல என் சம்சாரம் செங்கம்மா நின்னுகினு இருந்திருப்பா. ஒரு ட்ரிப்பு பாத்துட்டுத்தான் சொல்வாங்கன்னு நா அவளாண்ட சொல்லல. வேல கெடச்சாச்சு, மத்தியானம் பஸ்ஸுல வருவேன், புள்ளைக்கு காட்டுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். தெருவுல பாதி பேரு கூட வந்திருப்பாங்க. பஸ்ஸப் பாத்ததும் புள்ளயோட கையப் புடிச்சி ஆட்டியிருப்பா, அண்ணாத்த. படியில காசிநாதன். அவனும் பதிலுக்கு கைய ஆட்டிக்கூட இருப்பான். அவனுக்கு இன்னா தெரியும்.

வேல போனா போவட்டும். அவ இன்னும் அங்கயே நின்னுகினு இருந்தா இன்னா பண்றது, அத நெனச்சாதான் தாங்கல.

தோ, பஸ்ஸு வந்துடுச்சி. ஏறு, ஏறு, எடம் கீது... நானா? இதோட மூணு பஸ்ஸ வுட்டாச்சி. நீ போ அண்ணாத்த. நா அடுத்ததுல வரேன்.