கிழிந்த புஷ்

காந்திமதி: …அதெல்லாம் வுடு சார். செவப்பு புஷ்ஷா, கறுப்பு புஷ்ஷா? ஒரு முடிவா சொல்லு. கடையில இன்னும் நாலு பேரு நிக்கிறாங்க.

பத்ரி: சிவப்பு. கெட்டி பிளாஸ்டிக்ல வர்ற பாலி புஷ்தான். ஆஃப்-ரோடு ஜீப்புக்கு எவனாவது கறுப்பு ரப்பர் போடுவானா?

விஷ்ணுப்ரியா: போடுவான்.

பத்ரி: உன்னை யாரும் கேக்கல.

விஷ்ணுப்ரியா: திங்கட்கிழமை வரைக்கும் வண்டி என் பொறுப்பு. ஓடற கண்டிஷன்ல ஒப்படைக்கணும்னு உன் வக்கீல்தானே லெட்டர் போட்டார்? அதனால கேக்காமலே சொல்லுவேன்.

காந்திமதி: வக்கீலா? இன்னா மேடம், புருஷன் பொண்டாட்டின்னுல்ல நெனச்சுகினு கீறேன்…

விஷ்ணுப்ரியா: இருந்தோம். ஃபிளாட் எனக்கு, ஜீப் இவனுக்குன்னு பிரிச்சாச்சு. இவன் கிளம்பிப் போனதுலேர்ந்து வண்டி கவர் போட்டு கீழ நிக்குது. நேத்து மெக்கானிக் அடியில கழட்டிப் பாத்துட்டு, சக்கரத்தைத் தாங்கற ஆர்ம்ல மாட்டற புஷ்ஷெல்லாம் போச்சுன்னார்.

பத்ரி: இதையெல்லாம் கடையில வந்து எதுக்கு…

விஷ்ணுப்ரியா: ஏன், மானம் போகுதா? சிவப்பு எதுக்குன்னு மொதல்ல சொல்லு.

பத்ரி: ஸ்ட்ராங். உழைக்கும். பாத்தாலே ஒரு கெத்து.

விஷ்ணுப்ரியா: வண்டிக்கு அடியில இருக்கற சாமானுக்குக் கெத்தா! உன் ஜீப் கிளப் ஆளுங்க என்ன, ரோட்ல மல்லாந்து படுத்துப் பாப்பாங்களா?

காந்திமதி: ஹஹ்ஹா…

பத்ரி: நீங்க சிரிக்காதீங்க.

காந்திமதி: நான் எங்க சிரிச்சேன்? இருமினேன்.

விஷ்ணுப்ரியா: ஒரு சக்கரம் பாறை மேல ஏறும்போது ஆர்ம் முறுக்கிக்கும் பத்ரி. ரப்பர்னா அதுக்கு வளைஞ்சு குடுக்கும். பாலி விறைச்சுக்கிட்டு நிக்கும்… உன்னை மாதிரி. இன்னொரு சக்கரம் அந்தரத்துல தொங்கும். போதாததுக்கு கீச்சு கீச்சுன்னு சத்தம் வேற.

பத்ரி: ஓஹோ! எங்க படிச்சே இதை? யூடியூப்லயா?

விஷ்ணுப்ரியா: …ஆமா. யூடியூப்.

பத்ரி: அதானே பாத்தேன். ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போடவே வாட்ச்மேனைக் கூப்பிடற ஆளு. பாறையாம்… முறுக்கலாம்…

காந்திமதி: உங்க சண்டையை வெளிய வெச்சுக்கோங்க. கழட்டின பழசு கீதா? குடு, பாப்போம்… அடேங்கப்பா!

பத்ரி: என்ன?

காந்திமதி: இது ரோட்ல ஓடி தேஞ்ச புஷ் இல்ல சார். ரோடுன்னா சுத்திலும் மெல்லிசா வெடிப்பு வுடும். இது முறுக்கிக் கிழிஞ்சு கீது பாரு. பாறைல ஏத்தி எறக்கினாத்தான் இப்டி ஆவும். செமையா வெளாடிகீறே சார்!

பத்ரி: …ம். பின்ன? வண்டி எதுக்கு வாங்கினேன்?

விஷ்ணுப்ரியா: எங்க விளையாடினே?

பத்ரி: எங்கயோ. எல்லா இடத்துலயும்.

விஷ்ணுப்ரியா: ஒரு இடம் சொல்லு.

பத்ரி: வண்டலூர் தாண்டி… ஒரு பழைய கல்குவாரி இருக்கு. உனக்குத் தெரியாது.

விஷ்ணுப்ரியா: அப்படியா? எப்படி உள்ள எறங்கினே? கேட் பக்கமாவா, தண்ணி தேங்கற பக்கமாவா?

பத்ரி: கேட்… கேட் பக்கமாத்தான்.

விஷ்ணுப்ரியா: அங்க கேட்டே கிடையாது.

பத்ரி: அது உனக்கு எப்படி…

காந்திமதி: யம்மா, சாமி! சார், இங்க பாரு. நெசத்தைச் சொல்லு. பாறைல போறேன்னா மேடம் சொல்றதுதான் கரீட்டு, ரப்பர் போடு. ரோடுதான்னா எத போட்டாலும் ஓடும். வாய்க்கு வந்தத சொல்லி வாங்கினு போயி, நாளைக்கு இங்க வந்து கத்தினு நிக்கக் கூடாது.

பத்ரி: …ரோடுதான்.

விஷ்ணுப்ரியா: என்னது?

பத்ரி: ரோடு! ஜிஎஸ்டி ரோடு! ஆபீஸ், வீடு, ஆபீஸ். போதுமா? ஒரே ஒரு தடவை கிளப்போட வேற ஒரு இடத்துக்குப் போனேன். பள்ளத்தைப் பாத்ததும் பயந்துட்டேன். வயித்து வலின்னு சொல்லி ரிவர்ஸ் எடுத்துட்டேன்.

விஷ்ணுப்ரியா: அப்ப ஹால்ல ஃபிரேம் போட்டு மாட்டி வெச்சியே… பானெட் பூரா சேத்தோட ஒரு ஃபோட்டோ?

பத்ரி: செம்பாக்கம் ஏரிக்கரையில நிறுத்தி… பக்கெட்ல சேத்தைக் கரைச்சு… நானே அடிச்சேன்.

காந்திமதி: அய்யய்ய! பக்கெட்ல கரைச்சா?

பத்ரி: சிரி, ப்ரியா. நல்லா சிரி. அதுக்குத்தானே என்னை இங்க கூட்டிட்டு வந்தே.

விஷ்ணுப்ரியா: நான் சிரிக்கல.

பத்ரி: சிரிச்சாலும் கவலையில்ல. நீங்க சிவப்பையே எடுங்கம்மா. ரோடுன்னா எது போட்டாலும் ஓடும்னீங்கல்ல?

காந்திமதி: ஓடும், ஓடும். ஆனா இரு சார்… நீ பாறைப் பக்கமே போவலன்னா, இத யாரு கிழிச்சது?

பத்ரி: அதானே… என்னைத் தவிர யாரு இந்த வண்டியை… ப்ரியா? …ஏய். கேட் கிடையாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

விஷ்ணுப்ரியா: சனிக்கிழமையானா நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து சாயங்காலம் வரைக்கும் தூங்குவே. நான் அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்புவேன். அம்மா வீட்டுக்கு இல்ல, ஜீப்பை எடுத்துக்கிட்டு அந்தக் குவாரிக்குத்தான் போவேன். கல்யாணமான மறு வருஷத்துலேர்ந்து. திரும்பி வந்து, சேத்தையெல்லாம் கழுவி, உன் இடத்துலயே நிறுத்திடுவேன். என் உயரத்துக்கு முன்னால இழுத்த சீட்டை மட்டும் பின்னால தள்ளி வெக்க மாட்டேன்… இன்னிக்காவது கேப்பியான்னு. நீயும் ஒவ்வொரு தடவையும் பேசாம பின்னால தள்ளிக்கிட்டு உக்காந்தே. ஏன் முன்னால வந்திருக்குன்னு ஒரு நாள்கூட கேக்கலையே, பத்ரி.